தேநீர், நாற்காலி, தெரு: மேல்நிலை வகுப்பில் ஆங்கிலம்



இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவு என்றதும் வட்டமேசை மாநாட்டைப் பற்றியோ ‘பறையன்’ இதழைப் பற்றியோ பேசப்போகிறோம் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி இந்த மேடையிலும் வேறு மேடைகளிலும் நிறையப் பேசியாயிற்று. இந்த ஆண்டு நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது பிளஸ் ஒன், பிளஸ் டூ ஆங்கிலப் பாடம். பரீட்சை முடிந்ததும் பழைய பேப்பர்காரருக்குப் போடுகிற புத்தகத்தைப் பற்றி ஒரு நினைவுச் சொற்பொழிவா என்று கேட்கலாம். சீனிவாசனின் வாழ்க்கையிலிருந்தே இதற்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

1939-இல் வெளிவந்த ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலில் அவர் தம் படிப்புக் காலத்தைச் சில வரிகளில்தான் எழுதுகிறார். கோயம்புத்தூர்க் கல்லூரியில் சுமார் நானூறு மாணவர்கள். பத்துப் பேர் நீங்கலாக மற்றவர்கள் பிராமணர்கள். தம் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் மணி அடிக்கும்வரை வெளியிலேயே எங்காவது படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போவார். வகுப்பு விட்டதும் யாரும் கூட வராதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். அப்படி ஒதுங்கி ஒதுங்கிக் கற்ற ஆங்கிலத்தை அவர் பிறகு எங்கெல்லாம் பயன்படுத்தினார் என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். 1923 முதல் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினர். 1930-இல் அம்பேத்கரோடு லண்டனில் வட்டமேசை. யாருக்கும் கீழே உட்காராமல் வாதாடுவதற்கு அவருக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு அது எதற்குத் தேவைப்படுகிறது என்று சொல்கிறோம்? முப்பத்தைந்து மார்க் வாங்க. இந்தப் பள்ளத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

இலுப்பூரில் இதைப் பேசுவதும் பொருத்தம்தான். 2018-இல் கல்வி மாவட்டங்களை மறுசீரமைத்தபோது புதுக்கோட்டை, அறந்தாங்கியோடு இலுப்பூரும் ஒரு கல்வி மாவட்டமானது. சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸிலும் அரசு கொடுத்த சைக்கிளிலும் மேல்நிலை வகுப்புக்கு வருகிற நம் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் உட்கார்ந்து பாடம் படிக்கிறவர்கள் நாங்கள். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறோம்.

முதலில் இந்தப் பாடம் எப்படி நடக்கிறது என்று தெளிவாகப் பார்த்துக்கொள்வோம். 1978-க்கு முன்னால் பள்ளிப் படிப்பு பதினோராம் வகுப்போடு முடிந்தது. அதற்குமேல் ஆங்கில இலக்கியம் என்று ஒன்றைத் தொட வேண்டுமென்றால் கல்லூரிக்குப் போய் பி.யு.சி. சேர வேண்டும். கல்லூரி இருந்தது நகரத்தில். 1978-இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்ததால்தான் ஷேக்ஸ்பியரும் டென்னிசனும் சின்ன ஊர்களின் வகுப்பறைகளுக்கு வந்தார்கள். அது சின்ன மாற்றமில்லை. அரசு உதவித்தொகைக் கணக்கிலும் பதினொன்றாம் வகுப்பிலிருந்துதான் ‘போஸ்ட் மெட்ரிக்’ தொடங்குகிறது. அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் இருந்த காலத்தில், 1944-இல் வந்த திட்டம் அது. நம் மக்கள் பள்ளியைத் தாண்டி மேலே படிக்கவேண்டும் என்று அவர் போராடி வாங்கிய வாசலின் முதல் படி, இன்றைய கணக்கில் பிளஸ் ஒன் வகுப்பு.

ஆனால் அந்தப் படியில் ஆங்கிலத்துக்கு என்ன மதிப்பு? பொறியியல் கட்-ஆஃப் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குப் போடப்படுகிறது. ஆங்கிலத்துக்கு அதில் இடமில்லை. அரசு கலைக் கல்லூரிகளில் பெரும்பாலான பாடப்பிரிவுகளுக்கு நான்கு முதன்மைப் பாடங்களின் 400 மதிப்பெண்தான் தரவரிசை. பி.ஏ. ஆங்கிலத்துக்கு மட்டும் ஆங்கிலப் பாட மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். 2018-19 முதல் இரண்டு தாளாக இருந்த ஆங்கிலம் ஒரே தாளாகவும் ஆயிற்று. எழுத்துக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. அகமதிப்பீட்டில் பத்தும் கிடைத்துவிட்டால் எழுத்தில் 25 எடுத்தால் தேறிவிடலாம். ஒரு மதிப்பெண் வினாக்கள் மட்டுமே 20 இருக்கின்றன. எனவே கணக்குப் போடத் தெரிந்த யாரும் ஆங்கிலத்துக்கு நேரம் ஒதுக்கமாட்டார்கள். ஆசிரியரும் ஒதுக்கமாட்டார், மாணவரும் ஒதுக்கமாட்டார். இதில் தனிமனிதர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. ஏற்பாடே அப்படித்தான் இருக்கிறது.

வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இதனால் நட்டமில்லை. அதற்கு ஆங்கிலம் வீட்டில் கிடைக்கும், டியூஷனில் கிடைக்கும், போனில் பார்க்கிற படத்தில் கிடைக்கும். பள்ளியைத் தவிர வேறெங்கும் ஆங்கிலம் காதில் விழாத பிள்ளைக்கு இந்த இரண்டு ஆண்டுகள் போனால் போனதுதான்.

வகுப்பில் நடப்பது இது. பாடத்தை ஒருவர் உரக்க வாசிப்பார். ஆசிரியர் கதையைத் தமிழில் சொல்வார். பல ஆசிரியர்கள் நன்றாகவே சொல்வார்கள். பிறகு ஐந்து மதிப்பெண் பத்தியை மனப்பாடம் செய்யச் சொல்வார். ஆக, மாணவர் கேட்டது தமிழில், எழுதியது கைடு எழுதின ஆங்கிலத்தில். இரண்டுக்கும் நடுவில் தானாக ஒரு ஆங்கில வாக்கியம் அமைக்கவேண்டிய தருணம் ஒன்றுகூட வருவதில்லை. இரண்டு வருடம் நீச்சலைப் பற்றிப் படம் வரைந்து விளக்கிவிட்டுக் கிணற்றில் இறக்காமலே சான்றிதழ் கொடுப்பது மாதிரிதான்.

பிள்ளைகள் கிணற்றில் விழுவது கல்லூரி முதலாண்டில். அங்கே நான்கு பருவங்கள் பகுதி இரண்டு ஆங்கிலம் உண்டு. பிளஸ் டூவில் முப்பத்தெட்டு, நாற்பது வாங்கித் தேறியவர்களுக்கு அரியர் விழுகிற இடம் அது. வரலாற்றிலும் பொருளியலிலும் நல்ல மதிப்பெண் வாங்கி, ஒரே ஒரு ஆங்கிலத் தாள் நிலுவையால் பட்டம் கைக்கு வராமல் திருப்பூருக்கும் விராலிமலைக் கம்பெனிகளுக்கும் வேலைக்குப் போன தம்பிகளையும் தங்கச்சிகளையும் நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். அவர்களிடம் கேட்டால் “எனக்கு இங்கிலீஷ் வராதுண்ணே” என்பார்கள். வராது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பட்டியல் போட்டு, அவர்களுக்கென்று மெலிந்த ஒரு கையேடு கொடுத்து, அதில் பாடத்தையே எடுத்துவிட்டு விடைகளை மட்டும் வைக்கிற வழக்கம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் எந்தத் தெருப் பிள்ளைகள் அதிகம் என்று சமூகவியல் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். எடுத்துவிடப்படுகிற அந்தப் பாடங்களில் என்னதான் இருக்கிறது?

2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தின் உரைநடைப் பகுதியில் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘எ நைஸ் கப் ஆஃப் டீ’ இருக்கிறது. 1946 ஜனவரியில் ஒரு லண்டன் மாலைப் பத்திரிகையில் வந்த சின்னக் கட்டுரை. நல்ல தேநீர் போடுவதற்குப் பதினொரு விதிகளைச் சொல்கிறார் ஆர்வெல். கொதிகெண்டியை அடுப்பில் வைத்தபடியே அதனிடம் டீப்பாட்டைக் கொண்டுபோக வேண்டும், டீயை முதலில் ஊற்றிப் பாலைப் பிறகு ஊற்ற வேண்டும், சர்க்கரை கூடாது என்று பாதி விளையாட்டாகவும் பாதி கறாராகவும் எழுதியிருப்பார். வகுப்பில் இதைப் படிக்கும்போது நம் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வருகிறது. நியாயம்தான். சர்க்கரை போடாத டீயைப் பற்றி அவர்களுக்கு என்ன?

ஆனால் முதல் விதியிலேயே நில்லுங்கள். இந்தியத் தேயிலை அல்லது இலங்கைத் தேயிலைதான் வேண்டும் என்கிறார் ஆர்வெல். 1946-இல் இலங்கைத் தேயிலையைக் கிள்ளியது யார்? மண்டபம் முகாம் வழியாகக் கப்பலேறிய தமிழ்த் தொழிலாளர்கள். புதுக்கோட்டை, திருச்சி, சேலம், இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து போனவர்கள். அவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். கட்டுரை வந்து இரண்டு ஆண்டுகளில், 1948-இல், இலங்கை அரசு அவர்கள் குடியுரிமையைப் பறித்தது. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எழுதிக்கொண்டது. ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயரில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பிளஸ் டூ படிக்கிறார்கள். ஆர்வெல்லும் வெளி ஆள் இல்லை. 1903-இல் பீகார் மோதிஹாரியில் பிறந்தவர், அப்பா பிரிட்டிஷ் அரசின் அபினித் துறை ஊழியர். இதையெல்லாம் சொன்ன அன்றைக்கு எங்கள் வகுப்பில் ஒரு பையன் “எங்க அம்மாச்சி நுவரெலியாவுல கொழுந்து கிள்ளுனவங்க” என்றான். அதுவரை அவன் வகுப்பில் வாய் திறந்ததே இல்லை. அவன் தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாக்க அரைமணி நேரம் ஆயிற்று. கிள்ளுவதற்கு ‘பிளக்’. நடந்து முடிந்த செயல் என்பதால் ‘பிளக்டு’. அவன் எழுதிய வாக்கியத்தை எந்தக் கைடும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

இன்னொரு விதி கோப்பையைப் பற்றியது. எந்தக் கோப்பையில் குடிக்க வேண்டும்? தட்டையானதில் கூடாது, ஆழமாக உருளையாக இருக்கும் கோப்பையில்தான் என்கிறார் ஆர்வெல். எந்தக் குவளையில் யார் குடிக்க வேண்டும் என்பதற்கு நம் பகுதியிலும் விதி இருக்கிறது, தோழர்களே. 2022 டிசம்பரில் அன்னவாசல் ஒன்றியம் முத்துக்காடு ஊராட்சி வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளியே வந்தபோது, விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர் கவிதா ராமு, பக்கத்து இறையூரில் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும் கண்டார். கடைக்காரர்மேல் வழக்குப் பதிவானது. அந்த ஒன்றியத்துப் பிள்ளைகளும் அதே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் நல்ல தேநீரின் பதினொரு விதிகளை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவர்கள்தான்.

இப்படி ஒரு பாடம் கையில் இருக்கும்போது செய்யவேண்டியதை யாரும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஆர்வெல்லின் ‘செய்ய வேண்டும்’ என்ற விதிகளை ஏவல் வாக்கியங்களாக மாற்றி எழுதலாம். செய், செய்யாதே. ஆங்கிலத்தில் அமைப்பதற்கு ஆகச் சுலபமான வாக்கியம் ஏவல் வாக்கியம்தான். எழுவாய் வேண்டாம், காலம் வேண்டாம், வினைச்சொல்லில் தொடங்கினால் போதும். உங்கள் ஊர் டீக்கடையின் விதிகளை எழுதுங்கள் என்றோம். ஒரு மாணவி ஏழு விதி எழுதினாள். “டூ நாட் சிட் ஆன் த பெஞ்ச்” என்று தொடங்கியது. கடைசி விதி: “வாஷ் யுவர் ஓன் கிளாஸ்.” இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. அவள் எழுதியது நையாண்டி என்ற இலக்கிய வகை என்பதை நாங்கள்தான் பிறகு அவளுக்குச் சொன்னோம்.

அதே புத்தகத்தில் கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ கதை ‘தி சேர்’ என்ற தலைப்பில் மொழிபெயர்ப்பாக இருக்கிறது. வீட்டுக்கு வந்த சப்-ஜட்ஜ் முக்காலியில் உட்காரப்போய்க் கவிழ்ந்து விழ, நாற்காலி செய்தே தீருவது என்று ஒரு குடும்பம் முடிவெடுக்கிறது. நாற்காலி வந்ததும் ஊரே பார்க்க வருகிறது. பிறகு ஊரில் யார் செத்தாலும் பிணத்தை உட்கார்த்திவைக்க அந்த நாற்காலியை இரவல் கேட்டு வர ஆரம்பிக்கிறார்கள். சிரிக்கச் சிரிக்கப் படிக்கவேண்டிய கதை. இதைக்கூடப் பத்தி பத்தியாக நெட்டுருப் போடவைக்கிற திறமையை என்ன சொல்வது!

இந்தக் கதையைக் கொண்டு ஆங்கிலம் கற்பிப்பது போலச் சுலபம் வேறில்லை. மூலம் தமிழில் இருக்கிறது, நூலகத்தில் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம். கரிசல் பேச்சில் வருகிற ஒரு சொல்லை மொழிபெயர்ப்பாளர் எப்படிச் சமாளித்தார், எதை விட்டுவிட்டார் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். தலைப்பிலேயே ஒரு பாடம் இருக்கிறது. தமிழில் ‘நாற்காலி’ என்று மட்டும் சொன்னால் போதும். ஆங்கிலத்தில் ‘எ சேர்’ வேறு, ‘த சேர்’ வேறு. முன்னது ஏதோ ஒரு நாற்காலி. பின்னது உனக்கும் எனக்கும் தெரிந்த அந்த நாற்காலி. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் அதிகம் தடுமாறுகிற இடம் இந்த ‘எ’, ‘த’தான். விதியாகச் சொன்னால் ஏறுவதில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் 2020-இல் ஊராட்சி மன்றத் தலைவரான நம் சகோதரியை மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தரையில் உட்காரவைத்த படத்தை நினைவுபடுத்திச் சொன்னால் உடனே ஏறுகிறது. அவருக்கு மறுக்கப்பட்டது ‘எ சேர்’ இல்லை, ‘த சேர்’. தலைவருக்குரிய அந்த நாற்காலி. சட்டம் கொடுத்தது, தேர்தல் கொடுத்தது, ஊர் கொடுக்கவில்லை.

“அண்ணே, கி.ரா. கதையில அந்த நாற்காலியில நம்மாளு யாராவது உக்காந்தாங்களா?” என்று ஒருவன் கேட்டான். நாங்கள் பதில் சொல்லவில்லை. மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் வரி வரியாகத் தேடிப் பார்த்து வரச் சொன்னோம். கல்லூரியில் பெரிய பெயர் வைத்து இலக்கிய விமர்சனம் என்று சொல்லிக் கொடுப்பது இந்தத் தேடலைத்தான்.

மூன்றாவதாக ஏ.ஜி. கார்டினரின் ‘ஆன் த ரூல் ஆஃப் த ரோட்’. பெட்ரோகிராட் நகரில் ஒரு கிழவி கூடையோடு நடுத்தெருவில் நடக்கிறாள். ஓரமாக நடக்கச் சொன்னால், இப்போது விடுதலை வந்துவிட்டது, விரும்பின இடத்தில் நடப்பேன் என்கிறாள். எல்லாரும் இப்படி நடந்தால் யாருக்குமே விடுதலை இருக்காது என்று கார்டினர் விளக்குகிறார். நல்ல வாதம். சாலை விதியைப் பொறுத்தவரை மறுக்க முடியாதது. ஆனால் அந்தக் கிழவியைப் பார்த்து நாமும் சிரித்துவிட்டுப் போய்விட வேண்டுமா? ஓரமாக நட என்பது எல்லாருக்குமான விதியாக இல்லாமல் சிலருக்கு மட்டுமான விதியாக இருக்கிற ஊரில் நடுத்தெருவில் நடப்பதற்கு வேறு பொருள் உண்டு. 1893-இல் வெங்ஙானூரில் அய்யன்காளி வில்லுவண்டி ஏறிப் பொதுச்சாலையில் போனார். கார்டினரின் கணக்கில் அவர் யார்? இது பிளஸ் டூ மாணவர் எழுதக்கூடிய கேள்வி. ஐந்து மதிப்பெண் பத்தியிலேயே எழுதலாம். வினாத்தாள் அதைத் தடுக்கவில்லை.

தெருவைப் பற்றிய ஆங்கில வாசகம் ஒன்றை நமக்கு விட்டுச் சென்றவரின் நினைவுநாளில்தான் கூடியிருக்கிறோம். 1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், எந்த வகுப்பைச் சேர்ந்த யாரும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், அலுவலகம் எதையும் அணுகலாம் என்பதை அரசின் கொள்கையாக்கியது. அது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வாசகம். ‘எந்த’ என்பதற்கான ஆங்கிலச் சொல் ‘எனி’. எதிர்த்தரப்பு நுழைய ஓட்டை இல்லாதபடி அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கல்லூரி வாசலில் மணிக்காகக் காத்து நின்ற பையன் கற்றுக்கொண்டது இது.

இந்த இடத்தில் இரண்டு எதிர்வாதங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆங்கிலம் ஆதிக்க மொழி, அதற்கு ஏன் இத்தனை பாடு என்று தமிழ் உணர்வுள்ள தோழர்கள் கேட்கிறார்கள். கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ, தம் தாய்மொழியில் பேசிய பள்ளிப் பிள்ளைகள் அடிபட்டதையும் கழுத்தில் அட்டை மாட்டப்பட்டதையும் 1986-இல் வந்த தம் புத்தகத்தில் எழுதினார்; ஆங்கிலத்தில் புனைகதை எழுதுவதையே நிறுத்தினார். அந்தக் கோபத்தை மதிக்கிறோம். நம் நிலைமை அவரிடமிருந்து ஒரு விதத்தில் மாறுபடுகிறது. நம் பிள்ளைகள் வீட்டில் பேசுகிற தமிழும் பள்ளியில் அடிபட்டிருக்கிறது. கொச்சை என்று, ‘உங்க தெருப் பேச்சு’ என்று. பாமா 1992-இல் ‘கருக்கு’ எழுதியபோது அந்தப் பேச்சிலேயே எழுதினார், அதற்கும் முகம் சுளித்தார்கள். ஆகவே ஒரு மொழியை எடுத்துக்கொண்டு இன்னொன்றை விட்டுவிடு என்ற பேரத்துக்கு நாம் தயாரில்லை. இரண்டும் வேண்டும், இரண்டிலும் எழுத வேண்டும்.

இதற்கு நேர்மாறாக ஒரு பக்தியும் உண்டு. உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் பாங்கா என்ற கிராமத்தில் 2010-இல் ஆங்கில அன்னைக்குக் கோயில் கட்டத் தொடங்கினார்கள்; சந்திரபான் பிரசாத் முன்னின்று செய்தார். ஆங்கிலமே விடுதலை என்ற வாதத்துக்கு முன்னோடியும் உண்டு: சாவித்திரிபாய் ஃபுலே தம் கவிதைகளில் ஆங்கிலத்தைத் தாயென்று போற்றியிருக்கிறார், அவருடைய ‘காவ்ய ஃபுலே’ 1854-இல் வெளிவந்தது. கல்வியே மறுக்கப்பட்ட பெண் அப்படி எழுதியதில் ஒரு நியாயம் இருக்கிறது. இன்று நமக்கு இன்னொரு சாமி தேவையில்லை. ஆங்கிலவழி என்று பலகை மாட்டிய வகுப்பில் பிள்ளையைச் சேர்த்துவிட்டால் ஆங்கிலம் வந்துவிடும் என்று நம் பெற்றோர் நம்புகிறார்கள். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. அந்தப் பிரிவில் படித்துவந்த பிள்ளைகளையும் எங்கள் வகுப்பில் பார்க்கிறோம். தமிழில் மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக அறிவியலையும் வரலாற்றையும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது எங்களுக்குக் கோபம் வருகிறது. சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் ‘விஸ்டாஸ்’ என்ற துணைப்பாட நூலில் பாமாவைப் படிக்கிறார்கள். ‘கருக்கு’ நூலின் ஒரு பகுதி, லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் 2000-இல் செய்த மொழிபெயர்ப்பில், அமெரிக்கப் பழங்குடி எழுத்தாளர் ஜிட்கலா-சாவின் பள்ளி நினைவோடு சேர்த்து ஒரே பாடமாக வைக்கப்பட்டது. வடைப் பொட்டலத்தைக் கை படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகும் பெரியவரைப் பார்த்துச் சிறுமி சிரிப்பதும், அண்ணன் காரணம் சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்றுபோவதும் டில்லியிலும் போபாலிலும் ஆங்கிலப் பாடம். நம் மாநிலத்தில் 2018-லும் 2019-லும் வந்த மேல்நிலை ஆங்கிலப் புத்தகங்களில் குஷ்வந்த் சிங் இருக்கிறார், மேரி கோம் இருக்கிறார், அண்ணாவின் 1967 பட்டமளிப்பு உரை இருக்கிறது, நைஜீரியக் கவிஞர் கேப்ரியல் ஒகாரா இருக்கிறார். எல்லாம் நல்ல தேர்வுகள்தான். தமிழ்நாட்டுத் தலித் எழுத்தாளர் ஒருவர்கூட இல்லை. எழுத்து இல்லாமலா போயிற்று? இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ ஆங்கிலத்தில் உண்டு. சிவகாமி தம் ‘பழையன கழிதலும்’ நாவலைத் தாமே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ உண்டு. ரவிக்குமாரும் அழகரசனும் தொகுத்த தமிழ்த் தலித் எழுத்துத் தொகை நூல் 2012-இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. அடுத்த பாடநூல் திருத்தத்தில் இவற்றில் ஒன்றாவது இடம்பெற வேண்டும் என்று பாடநூல் குழுவுக்கு இந்த மன்றத்தின் சார்பில் மனு அனுப்புவது என்று தீர்மானித்திருக்கிறோம். அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதப்போகிறோம். ஆங்கில வரைவை எழுதப்போவது பிளஸ் டூ மாணவர்கள். நாங்கள் பிழை மட்டும் பார்ப்போம்.

ஒகாராவைச் சொன்னதால் ஒரு வார்த்தை. பதினொன்றாம் வகுப்புக் கவிதை அவருடையது. ஒரு தகப்பன் மகனிடம், முன்பெல்லாம் மனிதர்கள் மனசால் சிரித்தார்கள், இப்போது பல்லால் மட்டும் சிரிக்கிறார்கள் என்கிறான். மறுபடி வாருங்கள் என்பார்கள், அடிக்கடி போனால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். திருச்சியில் வாடகைக்கு வீடு தேடிய அனுபவம் உள்ள யாரும் இந்தக் கவிதைக்குக் கைடு தேடமாட்டார்கள். அதை விளக்க மாணவருக்கு வேண்டியதெல்லாம் நாற்பது ஐம்பது ஆங்கிலச் சொற்களும், தன் வாழ்க்கையைப் பரீட்சைத் தாளில் எழுதினால் மதிப்பெண் போய்விடாது என்ற தைரியமும்தான். அந்தத் தைரியத்தை ஆசிரியர்கள்தான் தர வேண்டும். இங்கே வந்திருக்கிற ஆசிரியத் தோழர்களிடம் கேட்டுக்கொள்கிறோம்: கைடில் இல்லாத விடையை ஒரு பிள்ளை தப்பும் தவறுமாகத் தானே எழுதியிருந்தால், சிவப்பு மையால் அடிப்பதற்கு முன்னால் ஒருமுறை முழுசாக வாசியுங்கள்.

மாணவர்களுக்கு நடைமுறையாகச் சிலது. பி.ஏ. ஆங்கிலம் சேர நினைப்பவர்கள் ஆங்கிலத்தில் முப்பத்தைந்தோடு நிற்க முடியாது. தரவரிசையே அந்த மதிப்பெண்தான் என்று சொன்னோம். மற்ற பாடம் சேர்பவர்களும் முதலாண்டு அரியரை இப்போதே நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம், உங்கள் தெருவைப் பற்றி, உங்கள் வீட்டைப் பற்றி, அன்றைக்கு நடந்ததைப் பற்றி. பாடத்திலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து, அதன் சட்டத்தை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மாற்றி எழுதுங்கள். பரீட்சையில் கடிதம், மின்னஞ்சல், உரையாடல் வினாக்களும் கேட்கிறார்கள். கடிதத்தைக் கற்பனைப் பெயருக்கு எழுதாதீர்கள். விடுதியில் தண்ணீர் வராததைப் பற்றி மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு எழுதிப் பழகுங்கள். எழுதியதை அனுப்பியும் விடலாம்.

அடுத்த ஞாயிறு மாலை ‘தி சேர்’ இரண்டாம் பாதி வாசிக்கிறோம். கி.ரா. மூலக்கதையின் நகல் பதினைந்து கைவசம் இருக்கிறது, இரண்டு பேருக்கு ஒன்று வரும். அதற்கடுத்த வாரம் ‘கருக்கு’, தமிழிலும் ஆங்கிலத்திலும். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகமும் கோடு போட்ட நோட்டு ஒன்றும் கொண்டு வாருங்கள். அகராதி நாங்கள் வைத்திருக்கிறோம். கைடு வேண்டாம்.